மொரப்பூரில் நிமிர்ந்து பார்

பாப்பா,

காகிதத்தின் தலையில் சேசு மரி சூசை என்று எழுதிவிட்டேன். அந்த மரியாதையில் குறை வைக்கவில்லை. ஆனால் மடத்தில் உனக்கு வைத்த புதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வரமாட்டேன் என்கிறது. பாப்பா என்றே எழுதுகிறேன். இது உன் கைக்கு வருவதற்கு முன்னால் உங்கள் மதர் பிரிப்பார், தமிழ் தெரிந்த ஒரு சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தம் சொல்வார், அதெல்லாம் எனக்குத் தெரியும். படிக்கட்டும். ஒளித்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற வியாழக்கிழமை நீ கோயம்புத்தூரில் ஏறுகிற சென்னை வண்டி மொரப்பூரில் நிற்கும். நானும் உன் அம்மாவும் பிளாட்பாரத்தில் இருப்போம். சென்னையிலிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து கப்பல், கப்பல் இறங்கினால் பிரான்சில் உங்கள் தாய் மடம். அதற்கப்புறம் எந்தத் தேசத்துக்கு அனுப்புகிறார்களோ அங்கேதான் உன் காலம். உங்கள் சபையில் கடல் தாண்டிப் போனவர்கள் பெற்றவர்களைப் பார்க்கத் திரும்பி வருகிற வழக்கம் இல்லை. ஆகவே மொரப்பூரில் வண்டி நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் நீ தலையைத் தூக்கி எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது. மீதியெல்லாம் ஏன் கேட்கிறேன் என்பதற்கு.

போன மாசம் உன்னைப் பார்க்க வந்தபோது நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். மடத்தில் வெளியாட்களைப் பார்க்கிற பார்லரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உன் அம்மா கேழ்வரகு மாவை வறுத்து வெல்லம் போட்டு உருண்டை பிடித்துக் கொண்டுவந்திருந்தாள். நீ வந்தாய். தோத்திரம் சொன்னாய். இரண்டு கையையும் அங்கியின் கைக்குள் நுழைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாய். உன் கண் தரையை விட்டு எழும்பவே இல்லை. எருமை கன்று போட்டதை, இந்த வருஷம் புளி காய்க்காமல் போனதை, உன் மாமன் பாப்பாரப்பட்டிச் சந்தையில் கிழட்டு மாட்டை இளம் மாடு என்று வாங்கி வந்து வீட்டில் வசவு வாங்கியதை எல்லாம் உன் அம்மா சொன்னாள். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பையும் தரைக்குத்தான் கொடுத்தாய். நான் உன் முக்காட்டோடு பேசிக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய தேசத்தில் ரயிலில் போகப் போகிறாயே, என்னென்ன பார்ப்பாய் என்று ஆசையாகக் கேட்டேன்.

"பாக்கக் கூடாதுங்கப்பா. கண்ணத் தாழ வெச்சிக்கிட்டு ஜெபமாலை சொல்லிக்கிட்டே போவணும். அதாங்க ரூலு" என்றாய்.

"அப்புறம் ரயில்ல ஜன்னல் எதுக்கு வெச்சிருக்கறான்?"

"காத்துக்குங்கப்பா."

உன் அம்மா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சர்வேசுரன் கண் கொடுத்தது எதற்கு என்று சத்தம் போட்டேன். சத்தம் கேட்டு மதர் வந்தார். அவரிடம் பிரெஞ்சில் பேசிவிடலாம் என்று எழுந்தேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு எல்லாம் அடுப்படிப் பிரெஞ்சு. ரொட்டி வெந்ததா, உப்பு போதுமா, தண்ணீர் சுடுகிறதா என்று கேட்கலாம். என் மகளைக் கொஞ்சம் நிமிரச் சொல்லுங்கள் என்று கேட்க வார்த்தை இல்லை. மதர் நல்ல மனுஷி, காப்பி கொண்டுவரச் சொன்னார். நீ எங்களை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டாய், தரையைப் பார்த்தபடியே. வரும்போது வண்டியில் உன் அம்மா, அவ இஷ்டப்பட்டுப் போன வழி, அதுல நீங்க கல்லு போடாதீங்க என்றாள். நான் கல் போடவில்லை. நீ மடத்துக்குப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கே சரி என்றவன் நான்தான். ஊரில் மற்றவர்கள்தான் மூக்கைச் சிந்தினார்கள். உன் அழைத்தலை நான் கேள்வி கேட்கவில்லை. உன் கண்ணைத்தான் கேட்கிறேன்.

நான் பிரான்சுக்குப் போய் வந்தவன் என்று உனக்குத் தெரியும். எப்படிப் போனேன், அங்கே ரயிலில் என்ன பார்த்தேன் என்று உன்னிடம் ஒழுங்காக உட்கார்ந்து சொன்னதே இல்லை. ஊரில் வந்து கேட்டவர்கள் எல்லாரும் லூர்து மாதா கெபியைத்தான் கேட்டார்கள், தீர்த்தம் ஒரு சொட்டு கிடைக்குமா என்று பார்த்தார்கள். மற்றதைக் கேட்க ஆள் இல்லை. உன்னிடம் சொல்லலாம் என்று நினைப்பேன், அப்போது நீ பம்பரத்துக்கோ புளியங்கொட்டைக்கோ ஓடிவிடுவாய். பெரியவளானதும் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். பெரியவளானதும் நீ மடத்துக்குப் போய்விட்டாய்.

நான் படிப்பில் நிற்கவில்லை. சேலம் போர்டிங்கில் செகண்ட் பாரம் பாதியில் சுவர் ஏறிக் குதித்து ஓடிவந்தவன். வீட்டில் உதை விழுந்தது. மறுபடி ஓடினேன். கோலார் தங்க வயல், அப்புறம் பெங்களூரில் பட்டாளம் இருக்கிற தண்டு. தண்டில் ஒரு ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தேன். ஒரு இடத்தில் கால் தரிக்காத காலம் அது; ஒரு கடையில் நின்றால் அடுத்த கடையில் என்ன நடக்கிறதோ என்று இருக்கும். கலியாணம் பண்ணி வைத்தால் அடங்குவான் என்று உன் அம்மாவைக் கட்டி வைத்தார்கள். அடங்கினேனா என்று அவளைக் கேள். எப்படியோ அந்த ரொட்டி சுடுகிற வித்தையால்தான் நம் பங்குச் சாமியாருக்குக் குசினிக்காரன் ஆனேன். அவர் பிரெஞ்சுக்காரர், உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். முப்பது வருஷம் நம் பக்கத்தில் குதிரையிலும் கால்நடையாகவும் சுற்றி, பென்னாகரம் காட்டோரம் வரைக்கும் போய்ப் பூசை வைத்து, நம்மைவிட நம் பேச்சு அவருக்குச் சுத்தமாக வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வெள்ளைக்காரன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். களி இல்லாமல் அவருக்கு ஒரு நாள் போகாது. எனக்கு ரொட்டி சுடத் தெரியும் என்று வேலை கொடுத்தவர், சுட்ட ரொட்டியை எனக்குத் தள்ளிவிட்டு என் களியைத் தின்பார்.

யுத்தத்துக்கு முந்தி, உனக்கு நான்கு வயசு இருக்கும்போது, அவருக்கு நுரையீரலில் நோய் வந்தது. அந்தச் சபைச் சாமிமார்கள் தேசத்தை விட்டு வந்தால் திரும்பிப் போவதில்லை, இங்கேயே மண்ணாகிவிடுவார்கள். இவருக்கு மட்டும் ஆயர், ஊருக்குப் போய் வைத்தியம் பார்த்துக்கொள் என்று கட்டளை போட்டார். தனியாகப் போக உடம்பு இல்லை. துணைக்கு என்னைக் கூப்பிட்டார். நான் யோசிக்கவே இல்லை, வருகிறேன் சாமி என்றுவிட்டு அப்புறம்தான் உன் அம்மாவிடம் சொன்னேன். அப்போது தர்மபுரியிலிருந்து மொரப்பூருக்குச் சின்ன ரயில் ஓடியது. ஊரே ஸ்டேஷனுக்கு வந்தது. உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டேன். நீ என்னைப் பார்க்கவில்லை, இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சின்னக் குழந்தை, இன்ஜின்தான் பெரிசாகத் தெரியும். வண்டி நகர்ந்து போகும் வரைக்கும் நான் உன் கன்னத்தைத்தான் பார்த்தேன்.

கொழும்பில் கப்பல் ஏறி மார்செயில் இறங்கினோம். அங்கிருந்து தெற்கோரமாக ரயிலில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சாமி முழு வழியும் படுத்தே வந்தார். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. திராட்சைக் கொடியை நம் அவரைப் பந்தல் மாதிரி ஏற்றிவிடாமல் குட்டையாக வெட்டி நிறுத்தியிருந்தார்கள், மைல் கணக்கில். சாயங்காலம் ஆகிறபோது ஒரு மேட்டின் மேல் ஒரு கோட்டை வந்தது. கார்கஸோன் என்று பிறகு பேர் தெரிந்தது. கோட்டை என்றால் நம் பக்கம் இடிந்த மதிலும் ஆடு மேய்கிறதும் தானே. இது முழுசாக நின்றது. மதிலுக்குள் இன்னொரு மதில், ஒவ்வொரு மூலையிலும் கூம்பு வைத்த கொத்தளம், உள்ளே வீடுகளில் அடுப்புப் புகை. வெயில் மஞ்சளாக அதன் மேல் விழுந்தது. நான் சாமியை எழுப்பினேன். அவர் முழங்கையை ஊன்றி எழுந்து பார்த்தார். வண்டி வளைந்து கோட்டை மறையும் வரைக்கும் பார்த்தார். அதுவரைக்கும் சாகப் போகிறவர் மாதிரி இருந்தவர், அன்றைக்குத்தான் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஆஸ்பத்திரியில் அவர் தேறுவதற்குக் குளிர்காலம் முழுக்க ஆனது. தேறியதும் ஊருக்குப் போகலாம் என்று நான் நினைத்தேன். அவர் ரயிலில் சுற்றிப் பார்க்கப் போகிறோம்டா என்றார். அவர் அப்பா கல்தச்சர். மழையிலும் பனியிலும் உடைந்துபோகிற கோயில் கல்லைச் செப்பனிடுகிறவர், உளிப் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். போய்வந்து மகனிடம், அங்கே இப்படி ஒரு கோபுரம், இங்கே இப்படி ஒரு மண்டபம், நீ பெரியவனானதும் ரயிலில் கூட்டிப்போய் எல்லாவற்றையும் காட்டுகிறேன் என்று சொல்வாராம். மகன் பெரியவனானதும் சாமியாராகி இந்தியாவுக்கு வந்துவிட்டான். அப்பா செத்துப்போனார். இப்போது அந்தப் பயணத்தை மகன் போகிறான், பக்கத்தில் அப்பாவுக்குப் பதிலாகப் பாப்பாரப்பட்டிப் பக்கத்துக் குசினிக்காரன். மூன்றாம் வகுப்பு, மரப் பலகை. மடியில் ரொட்டி, வெங்காயம், பாலாடைக்கட்டி. அந்தக் கட்டி நாற்றம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தள்ளி உட்காருங்க சாமி என்றால் வேண்டுமென்றே பக்கத்தில் வந்து உட்கார்ந்து தின்பார்.

முதலில் அவிஞ்ஞோன் என்ற ஊர். முன்னொரு காலத்தில் பாப்பரசர்கள் ரோமை விட்டு வந்து அங்கே அரண்மனை கட்டி வாழ்ந்தார்களாம். அரண்மனை என்றதும் பொன்னும் பீடமும் இருக்கும் என்று முட்டி போடத் தயாராகப் போனேன். உள்ளே வெறும் கல் கூடம். பேசினால் திரும்பிப் பேசுகிறது. இதைவிட எங்கள் மாட்டுக் கொட்டகையில் சாமான் அதிகம் என்றேன். சாமிக்குக் கோபம் வரும் என்று பார்த்தால், ஆமாடா, வூட்டக் காலி பண்ணும்போது ஆணியக்கூடப் புடுங்கிக்கிட்டுப் போயிட்டாங்க என்றார். அந்த ஊரில் ஆற்றின் மேல் ஒரு பழைய பாலம், பாதி ஆறு வரைக்கும் போய் நின்றுவிடுகிறது. மீதியை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அதையும் டிக்கெட்டு வாங்கிக்கொண்டு போய் விளிம்பில் நின்று பார்க்கிறார்கள். நம் ஊரில் பாலம் பாதியில் நின்றால் காண்டிராக்டரைத்தான் தேடுவார்கள் என்று நான் சொன்னதற்கு அவர் இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். ஆனால் நானும் விளிம்பில் போய் நின்று பார்த்தேன். அந்தப் பக்கம் கரை தெரிகிறது, மரம் தெரிகிறது, போகத்தான் வழி இல்லை. உன் நினைப்பு வந்தது. உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தால் நீ, ஏம்ப்பா பாலம் முடியல, ஏம்ப்பா முடியல என்று பிய்த்து எடுத்திருப்பாய்.

பாரீஸைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள், நான் சொல்லவில்லை. இரும்புக் கோபுரம் இருக்கிறது, கழுத்து வலிக்கும். அங்கிருந்து ரயிலில் ஷார்த்ரு. அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கோதுமை வயல், அதைத் தவிர ஒன்றும் இல்லாத சமவெளி. நெடுந்தூரத்தில் வயலுக்குள்ளிருந்து இரண்டு கோபுரம் முளைக்கிறது. ஊர் தெரியாது, வீடு தெரியாது, கோபுரம் மட்டும் பயிர் மேலே நிற்கும். ஒன்று உயரம், ஒன்று குட்டை. வேறு வேறு காலத்தில் கட்டினார்களாம். கிட்டே வர வர ஊர் மெல்ல எழுந்து வருகிறது. கோயில் வாசலில் நான் வழக்கப்படி பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன். நம் கோயிலில் யார் செருப்போடு போவார்கள்? நாற்காலி போட்டிருந்தது, அது எனக்கு ஆகாது என்று தரையில் முட்டி போட்டேன். அந்த ஊர்க் கோயில்பிள்ளை ஓடிவந்து என் காலைக் காட்டி என்னென்னவோ கத்தினார். ஏதோ பிச்சைக்காரன், பைத்தியக்காரன் என்று நினைத்திருப்பார் போல. வெளியே போ என்று கையைக் காட்டினார். சாமி வந்து அவரிடம் மெதுவாக நாலு வார்த்தை சொன்னார். சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்க் குனிந்து தன் பூட்ஸையும் கழற்றி என் பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். அவர் தேசத்துக் கோயிலில், அத்தனை பேர் பார்க்க. எனக்கும் உள்ள வந்ததுல இருந்து என்னமோ தப்பு பண்ணற மாதிரியே இருந்துதுடா, இதுதான் போலருக்குது என்றார். அப்புறம் இரண்டு பேரும் காலுறையோடு அந்தச் சில்லென்ற கல்லில் நடந்து நடந்து கண்ணாடி ஜன்னல்களைப் பார்த்தோம். அந்த நீலத்தை உனக்கு எப்படிச் சொல்வது? நம் வத்தல்மலை தூரத்தில் மழைக்கு முன்னால் ஒரு நீலம் காட்டுமே, அதை வெயிலில் உருக்கி ஊற்றின மாதிரி. அது தரையில் விழுந்து, என் கையில் விழுந்து, கையே நீலமாக இருந்தது. கோயில் கட்டினவர்கள் ஜன்னலைக் காற்றுக்கு வைக்கவில்லை பாப்பா. அது திறக்கவே திறக்காது. பார்க்கத்தான் வைத்தார்கள்.

கடலோரம் மோன் சேன் மிஷேல் என்று ஒரு பாறை. சுற்றிக் கடல், பாறை மேல் கோயில், உச்சியில் சிறகும் வாளுமாக மிக்கேல் சம்மனசு. பெரிய ரயில் ஒரு சின்ன ஊரில் இறக்கிவிட்டுவிடுகிறது. அங்கிருந்து பாறை வரைக்கும் ஒரு குட்டி ரயில். சேற்றுக்கு நடுவே கரை போட்டு அதன் மேல் ஓடுகிறது. நம் தர்மபுரிச் சின்ன வண்டி மாதிரியே ஆட்டம், அதே கரி நாற்றம், அதே மாதிரி கார்டு ஏறுகிறவர்களையெல்லாம் பேர் சொல்லி விசாரிக்கிறார். நான் பாறையைப் பார்ப்பதை விட்டுவிட்டு இன்ஜினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ அங்கே நின்று பார்த்தது இதைத்தானே என்று. நம் வண்டி இப்போது இல்லை. யுத்தத்துக்கு என்று தண்டவாளத்தையே பெயர்த்துப் போய்விட்டார்கள். வியாழக்கிழமை நாங்கள் மாட்டு வண்டியும் பஸ்ஸும் பிடித்துத்தான் மொரப்பூர் வர வேண்டும்.

கடைசியாக ரேம்ஸ். சாமியின் சொந்த ஊர் அதற்குப் பக்கத்துக் கிராமம். முதல் யுத்தத்தில் அந்தக் கிராமம் தரைமட்டமாகிவிட்டது. அவர் வீடு இருந்த இடத்தில் வேறு யாரோ வீடு கட்டிக் கோழி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கோழியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். ரேம்ஸ் பெரிய கோயிலுக்குப் போனோம். குண்டு விழுந்த கோயில், சாரம் கட்டி இன்னும் வேலை நடந்துகொண்டிருந்தது. வாசல் சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் கல்லில் ஒரு சம்மனசு, சிரித்துக்கொண்டு நிற்கிறார். சம்மனசு சிரித்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் நம்மைப் பார்த்துக் கண்ணடித்த மாதிரி ஒரு சிரிப்பு. யுத்தத்தில் அந்தத் தலை உடைந்து விழுந்து, பொறுக்கி ஒட்டி மறுபடி வைத்திருக்கிறார்களாம். சாமி அதன் கீழே தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பூசை நேரத்தில்கூட அவர் அப்படி அசையாமல் நின்று நான் பார்த்ததில்லை. மழை தூறியது. குடையைப் பிடித்தேன். குடையைத் தள்ளினார்.

"சின்ன வயசுல எங்கொப்பன் தோள் மேல உக்காந்து இவனப் பாத்தேன்டா. இவன் மூஞ்சி அப்படியே ஞாபகம் இருக்குது. உதடு, கன்னம், எல்லாம்" என்றார். "எங்கொப்பன் மூஞ்சிதான் வர மாட்டேங்குது."

எனக்குப் புரியவில்லை. சொந்த அப்பன் முகம் எப்படி மறக்கும் என்றேன். அவர் சொன்னார். அவர்கள் சபையில் சாமியார்கள் தூரதேசத்துக்குப் புறப்படுகிற அன்றைக்குக் கோயிலில் ஒரு சடங்கு உண்டு. புறப்படுகிறவர்களைப் பீடத்துக்கு முன்னால் வரிசையாக நிற்க வைப்பார்கள். வந்திருக்கிற ஜனங்கள் ஒவ்வொருவராக வந்து முட்டி போட்டு அவர்கள் காலில் உதடு வைத்து முத்தி செய்வார்கள். சுவிசேஷம் கொண்டு போகிற கால் என்று மரியாதை. பெற்றவர்களும் வருவார்கள். அவருடைய அப்பாவும் வந்தார். வரிசை நகர நகர அப்பாவின் பழைய பூட்ஸ் கிட்டே வருவது இவருக்குத் தெரிகிறது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்று பயிற்சி. இவர் தாழ்த்திக்கொண்டே நின்றார். அப்பா குனிந்தார். இவர் பார்த்தது அப்பாவின் பிடரி மட்டும். கல் தூசி ஏறிப்போன பிடரி. அப்பா எழுந்து கொஞ்சம் நேரம் அங்கேயே நின்றாராம். பின்னால் இருந்தவர்கள் தள்ளவும் நகர்ந்து போனார். இவர் நிமிரவில்லை. அப்புறம் அப்பா இல்லை. ஏழைக் கல்தச்சன், படம் பிடித்து வைக்கவில்லை. வீட்டில் வேறு என்ன இருந்ததோ அதுவும் குண்டில் போயிற்று. முதல் பத்து வருஷம் முகம் ஞாபகம் இருந்ததாம். பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்றாம், முதலில் கண், அப்புறம் வாய். பிடரி மட்டும் போகவில்லை.

நான் படிப்பில்லாதவன், வாயில் வந்ததைக் கேட்பவன். கேட்டேன்.

"அன்னிக்கி ஒரு தடவ நிமுந்து பாத்திருந்தா பாவமாங்க சாமி?"

"பாவமில்லடா" என்றார். "நல்ல பையன்னு பேரு வாங்கணும்னு நின்னுட்டேன்."

இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று போன மாசம் பார்லரில் துடித்தேன். சொல்லத் தெரியாமல் சத்தம் போட்டேன். நீ நல்ல பெண் என்று பேர் வாங்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை. படிப்பில், ஜெபத்தில், நோயாளியைப் பார்ப்பதில் வாங்கு. எல்லா நாளும் கண்ணைத் தாழ்த்தி இரு. நடக்கும்போது, சாப்பிடும்போது, உன் மதர் திட்டும்போது தாழ்த்தி இரு. மொரப்பூரில் வேண்டாம். அங்கே பெற்றவர்களைப் பார்ப்பதால் மோட்சத்தில் ஒரு கதவும் சாத்திக்கொள்ளாது. சாமி அங்கேயே இருந்துவிடலாம் என்று வைத்தியர்கள் சொல்லியும் கேட்காமல் என்னோடு திரும்பி வந்தார். யுத்தம் நடக்கும்போது நம் கல்லறையில் அடக்கமானார். நீ பூ எடுத்துப் போட்டது ஞாபகம் இருக்கும். கடைசி நாட்களில் கட்டிலைச் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராக முகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். காய்ச்சல் மயக்கம் என்றார்கள். நான் குனிந்து என் முகத்தையும் அவர் கைக்குக் கொடுத்தேன்.

இன்னொன்றும் கேட்கிறேன், இது மொரப்பூர் அளவுக்குப் பெரிசில்லை. மார்செயில் கப்பல் இறங்கி வடக்கே ரயில் ஏறுவாய். இன்ஜின் போகிற திக்கைப் பார்த்து இடது கைப் பக்கம் உட்கார். பெரிய ஆறு அந்தப் பக்கம்தான் கூடவே வரும். அவிஞ்ஞோனில் மதிலும் பாப்பரசர் அரண்மனையும் இடது பக்கம்தான் தெரியும். ஜெபமாலையை நிறுத்த வேண்டாம். கைபாட்டுக்கு மணி உருட்டட்டும், கண்பாட்டுக்குப் பார்க்கட்டும். இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது. நான் பார்த்ததை நீயும் பார்த்தாய் என்று எனக்கு இருந்தால், இங்கே கொல்லையில் நின்றுகொண்டு இப்போது அவள் அந்த இடத்தைத் தாண்டுவாள் என்று நினைத்துக்கொள்வேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு இடத்தைக்கூடப் பார்த்ததில்லை பாப்பா. ஒகேனக்கலுக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லி அதுவும் நடக்கவில்லை. பிரான்சிலாவது ஒரே ஜன்னல் வழியாக, வேறு வேறு வருஷத்தில், பார்த்ததாக இருக்கட்டும்.

மதர், இது உங்களுக்கு. இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் அதிகாரம். கொடுக்க மனசில்லை என்றால் ஒரு உபகாரம் மட்டும் செய்யுங்கள். வண்டி மொரப்பூரில் நிற்கும்போது, ஸ்டேஷன் வந்துவிட்டது என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்லுங்கள், அல்லது கூட வருகிற சிஸ்டரைச் சொல்லச் சொல்லுங்கள். அவள் என்ன செய்கிறாளோ செய்யட்டும். ரூல் உடைந்தால் தண்டனை எனக்குக் கொடுங்கள், உங்கள் மடத்துக்கு ஒரு மாசம் ரொட்டி சுட்டுப் போடுகிறேன்.

இவ்வளவையும் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவரைக்காய் உரித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்படியும் அவ பாக்கலைன்னா என்னா பண்ணுவீங்க?"

நான் அதை யோசிக்கவில்லை. எழுதி முடித்தால் நீ பார்த்துவிடுவாய் என்றே நினைத்திருந்தேன். பிளாட்பாரத்தில் நின்று கத்துவேனோ, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவேனோ, தெரியவில்லை. கத்தமாட்டேன். கூப்பிடவும் மாட்டேன். உன் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், அவளும் கூப்பிடமாட்டாள். வண்டி வருவதற்கு வெகுநேரம் முன்னாலேயே வந்து நிற்போம். நீ பிளாட்பாரத்துப் பக்கத்து ஜன்னலில் உட்கார். அதற்கு எந்த ரூலும் குறுக்கே நிற்காது. நிமிர்ந்தாயானால் எங்கள் பாக்கியம். நிமிராவிட்டால் நாங்கள் உன்னைப் பார்ப்போம், வண்டி நகரும் வரைக்கும், நகர்ந்த பிறகும். கண்ணைத் தாழ்த்தச் சொல்லி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

உன் அப்பா